வீட்டை விட்டுப் போன நோரா... அவளை எழுதிய இப்சன் யாரை விட்டு வந்தார்?

1880-ம் ஆண்டின் தொடக்கம். ஜெர்மனியின் புகழ்பெற்ற மேடை நடிகை ஹெட்விக் நீமன்-ராபே கையில் ஒரு புது நாடகம் இருந்தது. கோபன்ஹேகனில் சில வாரங்களுக்கு முன்புதான் அரங்கேறியிருந்தது. நல்ல வேஷம், நல்ல பெயர் கிடைக்கும். ஆனாலும் அவர் ஒரு நிபந்தனை போட்டார்: கடைசிக் காட்சியை மாற்றியே ஆக வேண்டும்.

அந்தக் காட்சியில் கதாநாயகி கணவனையும் மூன்று குழந்தைகளையும் விட்டுவிட்டு வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். என் பிள்ளைகளை நான் ஒருநாளும் விட்டுப்போக மாட்டேன், அதனால் மேடையிலும் போக மாட்டேன் என்பது நடிகையின் வாதம்.

நாடகத்தை எழுதியவர் நார்வேக்காரர். அவருடைய எழுத்துக்கு ஜெர்மனியில் அப்போது சட்டப் பாதுகாப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் முடிவை மாற்றிக்கொள்ளலாம். யாரோ கை வைப்பதற்கு நாமே வைத்துவிடலாம் என்று அவரே பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முடிவை எழுதிக் கொடுத்தார். அதில் கணவன் அவளைக் குழந்தைகள் தூங்கும் அறைக்கு இழுத்துப் போகிறான். பிள்ளைகளைப் பார்த்ததும் அவள் உடைந்து உட்கார்ந்துவிடுகிறாள். திரை விழுகிறது. தன் நாடகத்துக்குத் தானே செய்த காட்டுமிராண்டித்தனம் என்றுதான் எழுத்தாளர் அதைப் பற்றிப் பின்னாளில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நாடகம் 'பொம்மை வீடு'. எழுதியவர் ஹென்ரிக் இப்சன். நோரா வீட்டைவிட்டுப் போனதற்காக இரண்டு கண்டங்கள் சண்டை போட்டுக்கொண்டன. ஆனால் இப்சனே 15 வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பியவர். பெற்ற ஒரு மகனை விட்டு விலகியவர். தாய்நாட்டைவிட்டு 27 ஆண்டுகள் வெளியே இருந்தவர். அதையெல்லாம் வைத்து அவரை யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. இது ஏன்? அவர் வாழ்க்கையையும் அந்த நாடகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதில் கிடைக்கிறது.

கடனில் கவிழ்ந்த வீடு

இப்சன் பிறந்தது 1828 மார்ச் 20-ல், தெற்கு நார்வேயில் ஷீன் என்ற சிறிய துறைமுக ஊரில். மரம் வெட்டும் ஊர், மரம் விற்கும் ஊர். அப்பா க்னூத் இப்சன் வியாபாரி. விருந்து, வேலைக்காரர்கள், ஊருக்குள் மரியாதை என்று செழிப்பாக இருந்த வீடு. அம்மா மாரிக்கென் வசதியான குடும்பத்திலிருந்து வந்தவர். கல்யாணத்துக்குப் பின் அவர் வழியில் வந்த சொத்தும் கணவன் கைக்குத்தான் போனது. அன்றைய சட்டம் அப்படி.

ஹென்ரிக்குக்கு ஆறேழு வயதாகும்போது அப்பாவின் வியாபாரம் படுத்துவிட்டது. கடன்காரர்கள் வந்தார்கள், சொத்துகள் கைமாறின. குடும்பம் 1835-ல் ஊருக்கு வெளியே வென்ஸ்டோப் என்ற பண்ணை வீட்டுக்குப் போனது. அப்பா கசந்துபோனார். அம்மா தனக்குள் ஒடுங்கிப்போனார். நேற்றுவரை விருந்துக்கு வந்தவர்கள் இன்று கண்டுகொள்ளாமல் போவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை ஹென்ரிக்.

இப்சனின் நாடகங்களைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கடன், போலிக் கையெழுத்து, திவால், ஊர் என்ன பேசும் என்ற பயம் எல்லாம் திரும்பத் திரும்ப வரும். அப்பா செய்த முடிவுக்கு அம்மாவின் வாழ்க்கை விலையாகப் போனதை அவர் வெளியிலிருந்து தெரிந்துகொள்ளவில்லை, சொந்த வீட்டிலேயே பார்த்தார்.

மருந்துக்கடையில் ஒரு குழந்தை

15 வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பினார். கிரிம்ஸ்டாட் என்ற கடலோர ஊரில் மருந்துக்கடையில் பயிற்சியாளர் வேலை. கூலி குறைவு, குளிர் அதிகம். பகலில் மருந்து கலக்குவார், இரவில் படிப்பார்.

அங்கே வீட்டுவேலை செய்துகொண்டிருந்தவர் எல்சே சோஃபி. இப்சனைவிடப் பத்து வயது மூத்தவர். 1846-ல், இப்சனுக்கு 18 வயதாக இருக்கும்போது, அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஹான்ஸ் யாக்கோப் என்று பெயர். எல்சே சோஃபி வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு சொந்த ஊருக்குப் போனார். இப்சன் அதே ஊரில், அதே தொழிலில் தொடர்ந்தார். தந்தை என்ற முறையில் ஜீவனாம்சம் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. சம்பளமே சொற்பம் என்ற நிலையிலும் சுமார் 14 ஆண்டுகள் கட்டினார். அதைத் தாண்டி உறவு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

எல்சே சோஃபி வறுமையிலேயே வாழ்ந்து 1892-ல் இறந்தார். அப்போது இப்சன் உலகம் முழுக்கத் தெரிந்த நாடகாசிரியர்.

1850-ல் அவர் தலைநகர் கிறிஸ்டியானியாவுக்கு வந்தார். இன்றைய ஓஸ்லோதான் அது. டாக்டராக வேண்டும் என்ற ஆசையில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதினார். கிரேக்கத்திலும் கணிதத்திலும் தேறவில்லை. அதே ஆண்டு 'கட்டிலினா' என்ற முதல் நாடகத்தைப் புனைபெயரில் வெளியிட்டார். வாங்க ஆளில்லை. கிளம்பும் வழியில் ஷீனுக்குப் போய்ப் பெற்றோரைப் பார்த்தார். அதற்குப் பிறகு வீட்டோடு இருந்த உறவு கிட்டத்தட்ட அறுந்துபோனது. தங்கை ஹெட்விக்கோடு மட்டும் கடிதம் தொடர்ந்தது. அம்மா 1869-ல் இறந்தார், அப்பா 1877-ல். இரண்டு முறையும் இப்சன் குடியிருந்தது ஜெர்மனியில்.

சுசன்னா என்ற முதுகெலும்பு

1851-ல் பெர்கன் நகரத்தின் புதிய நாடக அரங்கில் வேலை கிடைத்தது. எழுதணும், நடிகர்களை நிறுத்தணும், மேடையைப் பார்த்துக்கணும். தொழிலின் எல்லா வேலையையும் அங்கேதான் கற்றார். 1857-ல் கிறிஸ்டியானியாவின் நார்வேஜிய அரங்குக்குப் பொறுப்பேற்றார். ஐந்தே ஆண்டுகளில் அந்த அரங்கு திவாலானது. அப்பாவின் கதை தன்னைத் துரத்துகிறதோ என்று அவர் பயந்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை.

இடையில் 1858-ல் கல்யாணம். பெர்கனில் அறிமுகமான சுசன்னா தோரெசன்தான் மணமகள். நிறையப் படித்தவர், மனதில் பட்டதைச் சொல்லிவிடுபவர். அவருடைய சிற்றன்னை மக்தலேனா தோரெசன் அந்தக் காலத்திலேயே எழுத்தாளர். புத்தகமும் விவாதமும் புழங்கிய வீட்டில் வளர்ந்தவர் சுசன்னா. கணவர் சோர்ந்து உட்கார்ந்தபோதெல்லாம் மேசைக்கு முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தது அவர்தான். 1859-ல் மகன் சிகுர்ட் பிறந்தான்.

1864-ல் கொஞ்சம் அரசு உதவித்தொகையோடும் நண்பர்கள் கொடுத்த பணத்தோடும் இப்சன் இத்தாலிக்குக் கிளம்பினார். பின்னாலேயே மனைவியும் மகனும் போனார்கள். 1866-ல் வந்த 'பிராண்ட்' அவருக்குப் பெயரையும் அரசின் ஆண்டு மானியத்தையும் வாங்கித் தந்தது. அடுத்த ஆண்டு 'பேர் கின்ட்'. ரோம், டிரெஸ்டன், மியூனிக், மறுபடி ரோம் என்று வாடகை வீடுகளிலேயே வாழ்க்கை ஓடியது. 1891-ல்தான் ஊர் திரும்பினார்.

வானம்பாடி என்று அழைக்கப்பட்ட லாரா

'பிராண்ட்' வெளியானபின் நார்வேயிலிருந்து ஓர் இளம்பெண் அதற்குப் பதில்போல ஒரு நாவல் எழுதினார். 'பிராண்டின் மகள்கள்' என்று பெயர், 1869-ல் வெளிவந்தது. எழுதியவர் லாரா பீட்டர்சன், 20 வயது. இப்சன் அவரை எழுதச் சொல்லி ஊக்கப்படுத்தினார். 1871-ல் டிரெஸ்டனில் லாரா இப்சன் குடும்பத்தோடு அடிக்கடி இருந்தார். இப்சன் அவரைச் செல்லமாக வானம்பாடி என்று கூப்பிடுவார்.

இரண்டு ஆண்டுகளில் லாரா விக்டர் கீலர் என்ற டேனிஷ் ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டார். கணவருக்குக் காசநோய் வந்தது. தெற்கே வெயில் உள்ள ஊருக்குப் போனால்தான் பிழைப்பார் என்றார்கள் மருத்துவர்கள். கையில் காசு இல்லை. கணவரோ பணம் என்ற பேச்சை எடுத்தாலே கொதிப்பவர். லாரா அவருக்குத் தெரியாமல் கடன் வாங்கினார். 1876-ல் இருவரும் இத்தாலி போனார்கள். கணவர் உடல் தேறியது. கடன் வளர்ந்தது.

திருப்பிக் கட்ட லாராவிடம் இருந்த ஒரே ஆயுதம் பேனா. அவசர அவசரமாக ஒரு நாவல் எழுதி, பதிப்பாளரிடம் பரிந்துரைக்கச் சொல்லி 1878-ல் இப்சனுக்கு அனுப்பினார். இப்சன் மறுத்துவிட்டார். எழுத்து தரமாக இல்லை, ஏதோ நெருக்கடியில் எழுதியிருக்கிறாய், கணவர் உயிரோடு இருக்கும்போது நீ ஏன் தனியாகச் சுமக்கிறாய், எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிடு என்ற கருத்தில் பதில் எழுதினார். எழுத்தைப் பற்றிய தீர்ப்பு நேர்மையானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் கணவனிடம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவளிடம் கணவனிடம் சொல் என்பது எவ்வளவு பயனற்ற அறிவுரை என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

லாரா அந்தக் கையெழுத்துப் பிரதியை எரித்தார். கடனை அடைக்கப் போலிப் பத்திரம் ஒன்றைத் தயாரித்தார். மாட்டிக்கொண்டார். விஷயம் தெரிந்த கணவர் என்ன செய்தார்? தன் உயிரைக் காப்பாற்றிய மனைவியை மனநலக் காப்பகத்தில் சேர்த்தார். குழந்தைகளிடமிருந்து பிரித்தார். ஒரு மாதம் போல அங்கே இருந்துவிட்டு லாரா வெளியே வந்தார். பிள்ளைகளுக்காகக் கெஞ்சி, பிற்பாடு அதே வீட்டுக்குத் திரும்பினார்.

இந்தச் செய்தி இப்சன் காதுக்கு வந்தது 1878-ல்.

ஒரு குறிப்பும் ஒரு ஓட்டும்

1878 அக்டோபர் 19-ம் தேதி. ரோமில் இப்சன் ஒரு புதிய நாடகத்துக்காகக் குறிப்பு எழுதினார். இக்காலத்துக்கான ஒரு துயர நாடகம் என்பதுதான் அதற்கு அவர் வைத்திருந்த எண்ணம். அதன் சாரம் இது: ஆணுக்கு ஒரு மனசாட்சி, பெண்ணுக்கு வேறொரு மனசாட்சி. இருவரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வதில்லை. ஆனால் நடைமுறையில் பெண்ணை நிறுப்பது ஆணின் தராசில்தான். சட்டம் எழுதுவதும் ஆண், வழக்கு நடத்துவதும் ஆண், தீர்ப்பு சொல்வதும் ஆண். அப்படிப்பட்ட சமூகத்தில் ஒரு பெண் தானாக இருக்க முடியாது.

சட்டப்படி அது உண்மையும்கூட. நார்வேயில் கல்யாணமாகாத பெண்களுக்கு 1863-லேயே 25 வயதில் சட்ட உரிமை வந்திருந்தது. கல்யாணமானால் அது போய்விடும். கணவன் சம்மதம் இல்லாமல் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட முடியாது.

இப்சன் இப்படியெல்லாம் யோசிக்கக் காரணம் லாரா மட்டுமில்லை. வீட்டில் சுசன்னா இருந்தார். நார்வேயின் முன்னோடிப் பெண் நாவலாசிரியர் கமிலா கோலெட் அவரோடு நேருக்கு நேர் சண்டை போட்டிருக்கிறார். பெண்களைப் பற்றிய அவருடைய பழைய எண்ணங்களை முகத்துக்கு நேரே கேள்வி கேட்டவர் கமிலா.

1879 பிப்ரவரியில் ரோமில் இருந்த ஸ்காண்டிநேவியர் சங்கத்தில் இப்சன் இரண்டு தீர்மானங்கள் கொண்டுவந்தார். நூலகர் பதவிக்குப் பெண்களும் வரலாம் என்பது ஒன்று. சங்கக் கூட்டங்களில் பெண்களுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவது நிறைவேறியது. இரண்டாவது ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. இப்சனுக்கு வந்ததே கோபம். கொஞ்ச நாளில் நடந்த ஒரு விருந்தில் எழுந்து நின்று ஆண்களையும், அவர்களுக்கு ஒத்துப்போன பெண்களையும் வெளுத்து வாங்கினார்.

அந்தக் கோடையில் தெற்கே அமால்ஃபியில், பழைய மடம் ஒன்றில் இயங்கிய விடுதியில் தங்கி நாடகத்தை எழுதி முடித்தார்.

நோரா மாறினாளா, தெரிந்துகொண்டாளா?

கதை நடப்பது கிறிஸ்துமஸ் நாட்களில், ஒரே வீட்டின் கூடத்தில். ஹெல்மருக்கு வங்கி மேலாளர் பதவி கிடைத்திருக்கிறது. மனைவி நோராவை அவன் கூப்பிடுவது வானம்பாடி, அணில் என்றெல்லாம்தான். ஊதாரி என்றும் செல்லமாகத் திட்டுவான். பல் கெட்டுப்போகும் என்று மக்ரூன் தின்னக்கூடத் தடை. அவள் ஒளித்துவைத்துத் தின்பாள்.

ஒளித்துவைத்தது மக்ரூன் மட்டுமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கணவன் சாகக்கிடந்தபோது, இத்தாலி கூட்டிப்போக அவள் ரகசியமாகக் கடன் வாங்கியிருக்கிறாள். ஜாமீனுக்கு அப்பா கையெழுத்து தேவைப்பட்டது. அவர் மரணப் படுக்கையில் இருந்தார். அவளே அவர் பெயரைப் போட்டுவிட்டாள். அதில் இருந்த தேதியோ அப்பா இறந்து மூன்று நாள் கழித்து. கடன் கொடுத்த குரோக்ஸ்டாட் அதைக் கண்டுபிடித்துவிட்டான். வங்கியில் அவன் வேலைக்கு ஆபத்து வந்ததும் மிரட்டுகிறான்.

நோரா பயந்தாலும் உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை வைத்திருக்கிறாள். உண்மை தெரிந்தால் ஹெல்மர் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்வான் என்று நினைக்கிறாள். கடிதம் அவன் கைக்குப் போகிறது. அவன் அவளைக் குற்றவாளி என்கிறான். பிள்ளைகளை வளர்க்க உனக்குத் தகுதி இல்லை என்கிறான். ஊருக்காகச் சேர்ந்து வாழ்வதுபோல் காட்டிக்கொள்ளலாம் என்கிறான். அடுத்த நிமிடம் குரோக்ஸ்டாட் பத்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட, ஹெல்மர் துள்ளிக் குதிக்கிறான். நான் தப்பித்தேன் என்கிறான். நாம் தப்பித்தோம் என்றுகூட அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. மன்னித்துவிட்டேன், பழையபடி என் வானம்பாடியாக இரு என்கிறான்.

நோரா விருந்து உடையை மாற்றிவிட்டு வந்து அவனை எதிரே உட்காரச் சொல்கிறாள். கல்யாணமாகி எட்டு ஆண்டுகளில் இருவரும் உட்கார்ந்து பேசும் முதல் பேச்சு அதுதான். அப்பா வீட்டில் பொம்மையாக இருந்தேன், இங்கேயும் அதேதான், என் பிள்ளைகளும் எனக்குப் பொம்மைகள்தான் என்ற முடிவுக்கு அவள் வந்திருக்கிறாள். அவன் உதவி எதையும் ஏற்காமல் போகிறாள். கீழே கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது.

மூன்று நாளில் ஒருத்தி இப்படி மாற முடியுமா என்று அப்போதே கேட்டார்கள். ஆனால் முதல் காட்சியிலேயே விடை இருக்கிறது. கடன் கட்டுவதற்காக அவள் இரவெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு பிரதி எடுக்கும் வேலை செய்திருக்கிறாள். களைப்பாக இருந்தாலும், சம்பாதிப்பதில் ஓர் ஆணைப்போல உணர்ந்ததாகத் தோழியிடம் சொல்கிறாள். பொம்மை வேஷம் போட்டுக்கொண்டே அவள் ஒரு குடும்பத்தின் கடனைத் தூக்கி நிறுத்தியவள். கடைசிக் காட்சியில் அவள் புது ஆளாகிவிடவில்லை. ஏற்கெனவே தான் யாராக இருந்தோம் என்று தெரிந்துகொள்கிறாள்.

நாடகத்தில் இன்னொரு ஜோடியும் உண்டு. நோராவின் தோழி லிண்டே உழைத்துக் களைத்த விதவை. அவளும் குரோக்ஸ்டாட்டும் ஒருகாலத்தில் காதலித்தவர்கள். இருவரும் தங்கள் தவறுகளை ஒளிக்காமல் பேசிச் சேர்கிறார்கள். ஒரு கல்யாணம் உடையும் அதே இரவில் வேறொன்று தொடங்குகிறது. இப்சன் குடும்பத்துக்கே எதிரி என்று சொன்னவர்கள் இந்தப் பகுதியைக் கவனிக்கவில்லை.

யார் விட்டுப்போனால் கேள்வி வரும்?

பலர் கவனிக்காமல் கடக்கும் இன்னொரு பாத்திரமும் இருக்கிறது. நோராவின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆன் மேரி. நோராவையே பால் கொடுத்து வளர்த்தவள் அவள். அந்த வேலைக்கு வருவதற்காகத் தன் சொந்த மகளை யாரிடமோ விட்டுவிட்டு வந்தவள். உன்னால் எப்படி முடிந்தது என்று நோரா கேட்கிறாள். ஏழைப் பெண்ணுக்கு வேறு வழி ஏது என்பதுதான் அவள் பதிலின் சாரம். ஏமாற்றியவன் ஒரு காசும் தரவில்லை. அந்த மகள் இதுவரை இரண்டு முறை கடிதம் போட்டிருக்கிறாள். தேவாலயத்தில் உறுதிபூசுதல் நடந்தபோது ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று.

மேடையில் ஒரு சில நிமிடம்தான் வரும் பேச்சு இது. நோரா பிள்ளைகளை விட்டுப்போவதைப் பார்த்துக் கொதித்தவர்கள் யாரும், ஆன் மேரி பிள்ளையை விட்டு வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழைப் பெண் அடுத்த வீட்டுப் பிள்ளையை வளர்ப்பதற்காகத் தன் பிள்ளையைப் பிரிந்தால் அது வேலை. வசதியான வீட்டுப் பெண் தன்னைத் தேடிப் பிரிந்தால் அது குற்றம். ஆண் பிரிந்து போனால் அதற்குப் பெயர்கூடக் கிடையாது.

கிரிம்ஸ்டாட்டில் வேலையை விட்டுப்போன எல்சே சோஃபியை நினைத்துத்தான் இப்சன் அந்த வரிகளை எழுதினாரா என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுவேலைக்காரப் பெண், ஏமாற்றிய ஆண், பிரிந்த பிள்ளை என்ற மூன்றையும் அவர் வெளியில் தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஊர் என்ன சொன்னது?

1879 டிசம்பர் 4-ல் கோபன்ஹேகனில் புத்தகமாக வந்தது. 8,000 பிரதிகள் ஒரே மாதத்துக்குள் விற்றுத் தீர்ந்தன. டிசம்பர் 21-ல் ராயல் தியேட்டரில் அரங்கேற்றம். நோராவாக பெட்டி ஹென்னிங்ஸ் நடித்தார். சண்டை உடனே தொடங்கிவிட்டது. பாதிரியார்கள் பிரசங்கத்தில் பேசினார்கள். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. விருந்து அழைப்பிதழில், தயவுசெய்து நோராவைப் பற்றிப் பேச வேண்டாம் என்று அச்சடித்தார்கள் என்றுகூட ஒரு கதை உண்டு.

ஜெர்மனிக்காக எழுதிய மாற்று முடிவு நிலைக்கவில்லை. ரசிகர்களுக்கே அது பிடிக்கவில்லை. நீமன்-ராபேயும் பிற்பாடு அசல் முடிவுக்கே திரும்பினார். 1886-ல் லண்டனில் கார்ல் மார்க்ஸின் மகள் எலினார் தன் வீட்டில் நண்பர்களைக் கூட்டி நாடகத்தை வாசித்தபோது, நோரா அவர்தான். குரோக்ஸ்டாட் பாத்திரத்தை வாசித்தவர் பெர்னார்ட் ஷா.

இப்சன் சும்மா இருக்கவில்லை. குடும்பத்தைக் காப்பாற்ற வீட்டிலேயே இருந்துவிடும் மனைவிக்கு என்ன ஆகும் என்று 1881-ல் 'ஆவிகள்' எழுதினார். அது இன்னும் பெரிய அதிர்ச்சி. 1884-ல் கல்யாணமான பெண்களுக்குத் தனிச் சொத்துரிமை கேட்டு நார்வே நாடாளுமன்றத்துக்குப் போன மனுவில் பியோர்ன்சன், யோனாஸ் லீ, அலெக்சாண்டர் கீலான் ஆகிய எழுத்தாளர்களோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டார். 1888-ல் கல்யாணமான பெண்களுக்கும் சட்ட உரிமை வந்தது. நோராவின் கையெழுத்து செல்லுபடியாக ஒன்பது ஆண்டுகள் ஆனது.

நிஜ நோராவின் மீதிக் கதை

இவ்வளவு பேச்சிலும் நிஜத்தில் அடிபட்டவர் ஒருவர் இருந்தார். நாடகம் வந்ததும், நோரா யார் என்று ஊருக்குத் தெரிந்துபோனது. லாரா கீலர் தெருவில் நடந்தால் கதை பேசினார்கள். போலிக் கையெழுத்துக்காரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மேடையின் நோரா கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். லாராவோ அதே கணவரோடு அதே ஊரில் வாழ வேண்டியிருந்தது.

நோரா நான் இல்லை என்று பொதுவில் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி இப்சனிடம் அவர் கேட்டார். இப்சன் மறுத்தார். பெண்ணைப் பற்றிய தீர்ப்பை எப்போதும் ஆணே சொல்கிறான் என்று குறிப்பெழுதிய அதே மனிதர், தனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் பெயரைக் காப்பாற்றப் பேனாவை எடுக்கவில்லை.

லாரா ஒடிந்துபோகவில்லை. நாவல்கள், நாடகம் என்று எழுதிக்கொண்டே இருந்தார். 1932 வரை வாழ்ந்தார். இன்றும் பல இடங்களில் அவர் பெயர் வருவது நோராவின் மூலப் பாத்திரம் என்றுதான். அவர் ஓர் எழுத்தாளர் என்பது இரண்டாவது வரியில்தான் வருகிறது.

கடைசி ஆண்டுகள்

1891-ல் இப்சன் நார்வே திரும்பினார். அதற்குள் 'மக்களின் எதிரி', 'காட்டு வாத்து', 'ஹெட்டா காப்ளர்' எல்லாம் வந்துவிட்டன. தினமும் ஒரே நேரத்தில் நடந்து கிராண்ட் கஃபேக்கு வருவார். மக்கள் எட்டிப் பார்ப்பார்கள். மகன் சிகுர்ட் அரசியலில் உயர்ந்து, 1903 முதல் 1905 வரை ஸ்டாக்ஹோமில் நார்வேயின் பிரதமராக இருந்தார்.

1898-ல் நார்வேப் பெண்ணுரிமைச் சங்கம் அவருக்கு விருந்து வைத்தது. நன்றி சொல்ல எழுந்தவர், பெண்ணுரிமைக்காகத் திட்டமிட்டு உழைத்தவன் என்ற பெருமை எனக்கு வேண்டாம், நான் எழுதியது மனிதர்களைப் பற்றி என்ற பொருளில் பேசினார். கூடியிருந்தவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கும். இன்றும் இதை வைத்து இருபக்கமும் வாதம் நடக்கிறது. ஆனால் ரோம் சங்கத்தின் தீர்மானமும் 1884 மனுவும் அவர் கையெழுத்தோடு இருக்கின்றன. லாராவுக்கு மறுத்ததும் அவரேதான். மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

1900-ல் பக்கவாதம் தாக்கியது. பிறகு எழுத முடியவில்லை. 1906 மே 23-ல் 78 வயதில் இறந்தார். அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. சுசன்னா 1914 வரை இருந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் நார்வேயில் எல்லாப் பெண்களுக்கும் ஓட்டுரிமை கிடைத்தது. ரோமில் ஒரு ஓட்டில் தோற்ற தீர்மானத்துக்குப் பிறகு 34 ஆண்டுகள்.

கதவுக்கு அந்தப் பக்கம்

நோரா கதவைச் சாத்திவிட்டு எங்கே போனாள்? இப்சன் சொல்லவில்லை. சொன்னவர் சீனாவின் லூ சுன். 1923-ல் பெய்ஜிங்கில் பெண்கள் கல்லூரி மாணவிகள் முன்னால் இதே தலைப்பில் பேசினார். அவர் எழுப்பிய கேள்வி எளிமையானது: நோராவின் பையில் பணம் இருந்ததா? இல்லையென்றால் ஒன்று அவள் கெட்டழிய வேண்டும், இல்லை வீட்டுக்குத் திரும்ப வேண்டும். பொருளாதார உரிமை இல்லாமல் விழிப்பு மட்டும் போதாது என்றார்.

லாரா திரும்பியது அதனால்தான். எல்சே சோஃபி வறுமையில் முடிந்ததும் அதனால்தான். ஷீனிலிருந்து 15 வயதில் கிளம்பிய ஹென்ரிக்கின் பையிலும் பெரிதாகக் காசு கிடையாது. ஆனால் அவனுக்கு ஒரு வேலை காத்திருந்தது. தன் பெயரில் கையெழுத்துப் போடும் உரிமை அவனுக்கு வரவிருந்தது. போனவன் ஏன் போனான் என்று கேட்க ஊரில் யாரும் இல்லை.

'பொம்மை வீடு' கையெழுத்துப் பிரதிகள் 2001 முதல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இருக்கின்றன. நாடகம் இன்றும் ஏதோ ஒரு மொழியில் மேடை ஏறிக்கொண்டிருக்கிறது. அரங்கைவிட்டு வெளியே வருகிறவர்கள் இன்றும் முதலில் கேட்பது அதே கேள்விதான்: அம்மாவாக இருந்துகொண்டு அவளால் எப்படிப் போக முடிந்தது? அப்பாவாக இருந்துகொண்டு, மகனாக இருந்துகொண்டு இப்சனால் எப்படிப் போக முடிந்தது என்று கேட்பவர்கள் இன்றும் குறைவு.